நேத்து நோட்டு

ஞானம்பாள் ஓய்வு பெற்ற அன்று திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் ஒரு பிரிவு விழா வைத்தார்கள். 2008, மே மாதம். ஐந்து பேர் பேசினார்கள். ஐந்து பேரும் அவள் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்றார்கள். ஒருவர் அவளுடைய வருகைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தலே இருக்காது என்று சொல்லி, அதற்குக் கைதட்டல் வேறு வாங்கினார். எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷியின் முப்பது வருஷ வேலையில் இவர்கள் கண்ணில் பட்டது கடிகாரம் மட்டும்தானா? பழைய சிநேகிதி என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஞானம்பாளைப் பற்றி அந்தப் பந்தலில் சொல்ல முடியாது. இங்கே சொல்கிறேன்.

1994இல் அவள் எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்தாள். சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கடலோரக் குப்பம் ஒன்றில் இருந்த பள்ளி. குப்பத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் ராஜாராம் சார், மூன்றாம் வகுப்புக்கு நான், ஐந்தாம் வகுப்புக்கு ஞானம்பாள். அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

அவள் உள்நாட்டுக்காரி. நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கடலைப் பக்கத்தில் பார்த்ததே இந்தப் பள்ளிக்கு வந்த பிறகுதான். முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருவாட்டு வாடை ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு மாசத்துல ஓடிடுவா" என்று ராஜாராம் சாரிடம் நான் சொன்னேன். என் கணிப்புகள் எப்போதும் அந்த லட்சணம்தான்.

அவளை உலுக்கியது கருவாடு அல்ல, பிள்ளைகளின் கையெழுத்து. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் இருப்பதை அச்சடித்த மாதிரி எழுதுவார்கள். எழுதியதைப் படி என்றால் முழிப்பார்கள். ஐந்து வருஷம் எழுத்தை வரையக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று அவள் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அதில் ஒரு வருஷம் என்னுடையது.

ஒரு நாள் கலையரசன் என்று ஒரு பையன் தாமதமாக வந்தான். ஏன் என்று கேட்டாள். வலையில் நண்டு சிக்கியது, அதை எடுக்கப் போன அண்ணன் கையை நண்டு கவ்வியது, அண்ணன் அம்மாவைத் திட்டினான், அம்மா நண்டைத் திட்டினாள் என்று கால்மணி நேரம் ஒரே மூச்சில் சொன்னான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சிரித்தது.

"இப்ப சொன்னே பாரு, அத்த அப்படியே எழுதுடா" என்றாள் ஞானம்பாள்.

"அதெல்லாம் பாடத்துல இல்ல டீச்சர்."

அந்தப் பதில்தான் நேத்து நோட்டுக்கு ஆரம்பம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு நோட்டு. காலையில் வந்ததும் முதல் வேலை, முந்தின நாள் நடந்ததை எழுத வேண்டும். பிழைக்கு அடி கிடையாது, சிவப்பு மையும் கிடையாது. பச்சைப் பேனாவால் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதுவாள்: "அப்புறம்?" அதற்குப் பிள்ளை பதில் எழுத வேண்டும். மறுபடி "அப்புறம்?" ஒரு பையன் முதல் நாள், "நேத்து ஒன்னும் நடக்கல" என்று எழுதினான். அப்புறம்? "நாய் குட்டி போட்டுச்சி." அப்புறம்? "அஞ்சி." அப்புறம்? "ஒன்னு செத்துப் போச்சி. நான் மண்ணுல பொதச்சேன். யாருக்கும் தெரியாது." இதைக் காட்டும்போது ஞானம்பாளின் கண் கலங்கியிருந்தது.

விதிகள் இரண்டே இரண்டு. ஒன்று, நோட்டு டீச்சருக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான். பிள்ளை சம்மதித்தால்தான் வகுப்பில் சத்தமாகப் படிப்பாள். இரண்டாவது விதியைப் பிள்ளைகளே முதல் பக்கத்தில் தங்கள் கைப்பட எழுத வேண்டும்: "இதில் நான் எழுதுவது எல்லாம் நடந்தது. பொய் எழுத மாட்டேன்."

"இன்ஸ்பெக்‌ஷன் வந்தா பாட நோட்டத்தான் பாப்பாங்க டீச்சரம்மா, இத இல்ல" என்று ராஜாராம் சார் முனகிப் பார்த்தார். ஆனால் ஒரே வருஷத்தில் அந்த வகுப்பு செய்தித்தாள் படிக்க ஆரம்பித்துவிட்டது. பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து எண்ணெய்க் கறையோடு படித்தார்கள். அதற்குப் பிறகு அவரும் வாயை மூடிக்கொண்டார்.

வேண்டா அந்த வகுப்புக்கு வந்தது 1996இல். இனிப் பெண் பிள்ளையே வேண்டாம் என்று சாமிக்குச் சொல்வதற்காக வைக்கிற பெயர் அது. சாமி காதில் விழவில்லை போலிருக்கிறது, அவளுக்கு அடுத்ததும் தங்கைதான். அப்பா எல்லப்பன் கட்டுமரக்காரர். அம்மா பாப்பா, மீன் கூடைக்காரி. வேண்டாவின் அக்காக்கள் இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர்கள். இவளும் அப்படித்தான் நிற்பாள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவள் எழுத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞானம்பாள் தட்டி வழியாகக் கையை நீட்டி, "வரலட்சுமி, இதப் பாரேன்" என்று நோட்டைக் கொடுப்பாள். ஒரு தடவை அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள்: "எங்கப்பா கடலுலேந்து வந்தா மொதல்ல என் தலையில கைய வைப்பாரு. கை சில்லுனு இருக்கும். அப்பறம்தான் தண்ணி கேப்பாரு." வேண்டாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, எல்லப்பனைப் பள்ளிக்கு வரச் சொல்லி, ஞானம்பாள் அதை அவருக்குப் படித்துக் காட்டினாள். அவருக்கு எழுத்து வாசனையே கிடையாது. வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார்.

"என்னப் பத்தியா எழுதிகீது?"

"உங்களப் பத்திதான்."

"இன்னொருவாட்டி படி டீச்சர்."

மூன்று தடவை படிக்க வைத்தார். பிறகு எழுந்து லுங்கியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "சரி, ஆறாங்கிளாஸ் போவட்டும். சதுரங்கப்பட்டினம் தானே, நடந்து போய்க்கும்" என்றார். அன்றைக்கு ஞானம்பாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தனக்கே வேலை கிடைத்த மாதிரி எனக்கும் ராஜாராம் சாருக்கும் டீ வாங்கித் தந்தாள். அந்த ஆறாம் வகுப்புதான் அந்த வருஷம் முழுக்க அவள் பேச்சு.

அந்தக் குப்பத்தில் ஓர் ஊர்க்கட்டு உண்டு. ஊரில் சாவு விழுந்தால், பிணம் மண்ணுக்குள் போகிற வரைக்கும் எந்தக் கட்டுமரமும் கடலில் இறங்கக் கூடாது. யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் சரி. மீறினால் ஊரை விட்டுத் தள்ளிவைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியும். எட்டு வருஷம் அங்கே இருந்தவள் நான். ஞானம்பாளுக்குத் தெரியாது. அவள் ஊரில் பக்கத்து வீட்டில் பிணம் கிடந்தாலும் மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

1997 மார்ச்சில் ஆண்டு விழா. ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவரான முனிசாமிதான் தலைமை. நான் கலர் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஞானம்பாள் நோட்டோடு வந்தாள். "பொங்கலப்போ வேண்டா எழுதினது. இதத்தான் மேடையில படிக்க வைக்கப் போறேன். கேளேன்" என்று படிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கத்தரிக்கோல் மேல் கண். தோரணம் பாதிதான் முடிந்திருந்தது. இறால், கோணி என்று ஏதோ காதில் விழுந்தது. "சூப்பரா கீது, படிக்க வை" என்றேன். காது கொடுத்து முழுசாகக் கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்திருப்பேன். பதினொரு வருஷமாக அந்தக் கத்தரிக்கோலை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேண்டாவும் தயங்கித்தான் பார்த்தாள். "வேற படிக்கட்டா டீச்சர்? அப்பா கை வைக்கிற கத படிக்கட்டா?" என்று இரண்டு தடவை கேட்டாள். மேடைக் கூச்சம் என்று ஞானம்பாள் நினைத்துக்கொண்டாள். "இதுதான்டி நீ எழுதுனதுலயே அழகு. உங்கப்பா முன்னாடி உக்காந்திருப்பாரு, சந்தோஷப்படுவாரு" என்றாள். பிள்ளை மேடைக்குப் போய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கல்லாக நின்றாள். கூட்டம் சலசலத்தது. ஞானம்பாள் மேலே ஏறி, அவள் தோளைத் தட்டிக்கொடுத்து, நோட்டை வாங்கித் தானே படித்தாள். தன் முதல் விதியை அவள் மீறியது அந்த ஒரு தடவைதான்.

"நேத்து ஊருல யாரும் கடலுக்குப் போவல. எங்கப்பா மட்டும் விடியறதுக்குள்ள போனாரு. கடல் மொத்தமும் எங்களுது மாதிரி இருந்துச்சி. எறா கண்ணாடி மாதிரி இருந்துச்சி. அம்மா ஈரக் கோணி போட்டு மூடனா. கோணி குதிச்சிகினே இருந்துச்சி. யாரோ வந்தாங்க. நானும் தங்கச்சியும் கோணி மேல உக்காந்துகினோம். எங்களுக்கு அடியில எல்லாம் குதிச்சுது. எங்களுக்கு சிரிப்பு வந்துச்சி. ஆனா அப்பா சிரிக்கல."

கோணி குதித்த இடத்தில் முன் வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றுபோனது. ஞானம்பாள் குரலில் ஏற்ற இறக்கத்தோடு, கடைசி வரியில் கொஞ்சம் நிறுத்திப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரு கை தட்டவில்லை. எல்லப்பன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

பக்கத்தின் மேலே போட்டிருந்த தேதியை முனிசாமி கேட்டார். ஞானம்பாள் வெகுளியாகத் தேதியைப் படித்தாள். அதற்கு முந்தின நாள் அடக்கமாகாமல் வீட்டில் கிடந்தது முனிசாமியின் கூடப் பிறந்த அண்ணன்.

மறுநாள் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் மணலில் ஊர் கூடியது. ஞானம்பாளையும் வரச் சொன்னார்கள். நான் துணைக்குப் போனேன். அதற்குள் நான் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன்.

"பெரியவரே, அது நடந்தது இல்லீங்க. பிள்ள கட்டுன கத" என்றாள்.

முனிசாமி கொடுமைக்காரர் அல்ல. அவருக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும், அதுதான் வினையாகப் போயிற்று. நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பிரித்து வேண்டாவின் கையில் கொடுத்தார்.

"இன்னா எழுதிக்கீது, படி."

பத்து வயசுப் பிள்ளை ஊர் நடுவில் நின்று படித்தாள். "இதில் நான் எழுதுவது எல்லாம் நடந்தது. பொய் எழுத மாட்டேன்." முற்றுப்புள்ளியில் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. வகுப்பில் ஞானம்பாள் சொல்லிக்கொடுத்தபடியே படித்தாள்.

"உள்ள கீறது நெசமா, உங்க டீச்சர் சொல்ற மாரி கதையா?"

வேண்டா திரும்பி ஞானம்பாளைப் பார்த்தாள். கதை என்று சொல், கதை என்று சொல் என்று ஞானம்பாள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்குக் குழப்பம். பொய் எழுதாதே என்று எட்டு மாசமாகச் சொன்னவளே பொய் சொல்லச் சொல்கிறாள். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள்.

"நெசம்" என்றாள்.

எல்லப்பன் தன் மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னால் வந்து ஊரார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வருஷத்தில் நாலு நாள்தான் இறால் கரையோரம் வரும், கை சும்மா இருக்கவில்லை, தப்புதான் என்றார். ஆறு மாசம் தள்ளிவைத்தார்கள். அவரோடு யாரும் கடலுக்குப் போகக் கூடாது, பாப்பாவின் கூடையில் யாரும் கை வைக்கக் கூடாது, கடைக்காரர் சாமான் தரக் கூடாது. அந்த வீட்டோடு பேச்சு வார்த்தையும் கூடாது.

பள்ளியில் வேண்டா உட்காரும் பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒரு பையன் மட்டும் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, நினைவு வந்து எழுந்து போனான். ஞானம்பாள் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குத் தட்டி வழியாகப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாரம் நேத்து நோட்டுகளைத் திருத்தும்போது என்னைக் கூப்பிட்டாள். முப்பத்திரண்டு நோட்டையும் தரையில் விரித்துப் போட்டிருந்தாள். எல்லாவற்றிலும் ஒரே மூன்று வரி: "நேத்து நான் காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். பள்ளிக்கு வந்தேன்." வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதின மாதிரி அத்தனை அழகு. வேண்டாவின் நோட்டில் மட்டும் தேதிகூட இல்லை. ஞானம்பாள் பச்சைப் பேனாவுக்கு மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

ஏப்ரலில் எல்லப்பன் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். கோவளத்தில் பாப்பாவின் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கே போகிறோம் என்றார். ஞானம்பாள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"என்னை மன்னிச்சிடுங்க. நான்தான் தெரியாம..."

"நீ நல்லதுக்குத்தான் பண்ண டீச்சர். எனக்குக் கோவம் கெடையாது."

"கோவளத்துல ஆறாங்கிளாஸ் சேத்துடுங்க. நானே வந்து சேத்து விடறேன்."

"வாணாம் டீச்சர்" என்றார் எல்லப்பன். "எம்பொண்ணுக்கு இனிமே எழுத்து வாணாம்."

சான்றிதழ் வாங்கியதற்குப் பெருவிரலை வைத்துவிட்டுப் போனார். ஞானம்பாள், கூட வந்திருந்த வேண்டாவிடம் அவள் நோட்டை நீட்டினாள். பிள்ளை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமே ஞானம்பாள் மாற்றல் கேட்டு உள்நாட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். அங்கே நேத்து நோட்டு கிடையாது. பாட நோட்டு, கையெழுத்து நோட்டு, சரியாக மணி அடித்ததும் ஆரம்பம், மணி அடித்ததும் முடிவு. பிரிவு விழாவில் மெச்சினார்களே, அந்த ஞானம்பாள் இப்படித்தான் உண்டானாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பாள். "கோவளம் பக்கம் போனியா? அந்தப் பொண்ணப் பாத்தியா?" இல்லை என்பேன். அவளாக ஒரு தடவை போய்த் தேடலாமே என்றால், எந்த முகத்தோடு போவது என்பாள். அவளாகவே பதிலும் சொல்லிக்கொள்வாள். "எங்கேயாவது படிச்சிருப்பா. அவ்ளோ எழுத்து உள்ள இருந்தா எங்க போயிடும்?"

2006 மே மாதம் தேர்தல். வாத்தியார்களுக்கு அந்த வேலை தப்பாது. என்னைக் கோவளத்தில் ஒரு வாக்குச்சாவடிக்குப் போட்டார்கள். விரலில் மை வைப்பதும், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. பதினொரு மணி வாக்கில் பக்கத்து மேசைக்காரர் பட்டியலைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்: "வேண்டா, தந்தை எல்லப்பன்."

நிமிர்ந்தேன். ஒல்லியாக, நெற்றியில் வியர்வையோடு, புடவை கட்டிய பெண். மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு நேராக வந்திருக்க வேண்டும், கையில் செதில் ஒட்டியிருந்தது. மை வைத்துவிட்டுப் பேனாவை நீட்டினேன். அவள் பேனாவைப் பார்க்கவில்லை. இடது கைப் பெருவிரலை நீட்டினாள்.

"எழுதத் தெரியாது" என்றாள்.

"வேண்டா, நான் வரலட்சுமி டீச்சர்."

"தெரிது டீச்சர். வந்தவொடனே தெரிஞ்சிச்சி."

"உனக்காம்மா எழுதத் தெரியாது?"

அவள் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள். "எழுதுனா பேஜாரு டீச்சர். அதுக்கப்பறம் எங்கப்பாவுக்குக் கடலே இல்லாம பூடுச்சி. எதோ ஓட்டல்ல வாச்மேனா கீறாரு. உருட்டுங்க டீச்சர், பின்னாடி ஜனம் நிக்கிது."

அவள் விரலை மைத்தட்டில் உருட்டி, பதிவேட்டில் நான்தான் அழுத்தினேன். மூன்றாம் வகுப்பில் இந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எழுத வைத்ததும் நான்தான். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, "ஞானம்பா டீச்சர் நல்லா கீறாங்களா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். போய்விட்டாள். மிச்ச நாள் முழுக்க என் முன்னால் நீட்டிய விரல்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானம்பாள் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் போனேன். கோவளத்தில் தேர்தல் வேலை என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன். ஓட்டுப் போட வந்தா."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண் எப்படி இருக்கிறாள், கல்யாணம் ஆயிற்றா, எதையும் கேட்கவில்லை.

"கையெழுத்துப் போட்டாளா?"

டீ சுட்டது. நான் ஒரு வாய் குடித்தேன்.

"போட்டா. முழுப் பேரும் எழுதினா."

"அந்த 'ண்'ணுக்குப் பெரிசா சுழி போடுவாளே, அப்படியேவா?"

"அப்படியே."

ஞானம்பாள் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகளிடம் குனிகிற மாதிரி குனிந்து, "அப்புறம்?" என்றாள்.

அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை.